சாரம் கட்டிய வீட்டுக்குள்ளேயே குடியிருந்தோம்

வெளிப்பூச்சு வேலை நடக்கும்போது வேறெங்காவது போய் இருக்க வசதியிருந்தால் தயங்காமல் போய்விடுங்கள். எங்களால் முடியவில்லை. மாமனாருக்கு மூச்சிரைப்பு. பழகிய கட்டிலை விட்டு எங்கும் வரமாட்டார். அதனால் வேலை முடியும் மட்டும் உள்ளேயே இருந்தோம்.

படுக்கையறைச் சுவரில் ஈரம் ஏறி, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வெளியே நல்ல பெயின்டாக அடித்தால் நின்றுவிடும் என்றார்கள் தெரிந்தவர்கள். வந்த மேஸ்திரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, பிடியால் வெளிச்சுவரைத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடத்தில் டக்கென்று கேட்டது. பூச்சு விட்டுப்போன இடத்தில் பொள்ளலாகக் கேட்டது. அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். “இந்த வட்டத்துக்குள்ள இருக்கிறத பூரா கொத்தி எடுக்கணும்க்கா. இது மேலயே பெயின்ட் அடிச்சா, பூச்சு விழும்போது அதுவும் சேர்ந்து விழும்” என்றார். பிறகு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், கைப்பிடிச்சுவரின் தலையில் நீளமாக ஓடிய விரிசலைக் காட்டினார். தண்ணீர் இறங்கிய வழி அது. நாங்கள் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தது அது வெளியே வந்த இடத்தை மட்டும்தான்.

எனவே வேலையை மேலிருந்து தொடங்கச் சொன்னோம். கைப்பிடிச்சுவரின் தலையை உட்பக்கமாகச் சரித்துப் பூசினார்கள், மழைநீர் மாடிப் பக்கமே வடிந்துவிடும்படி. சன்ஷேடின் அடியில் வெளி விளிம்பை ஒட்டி ஒரு காடி, அதாவது நீளமான சிறு பள்ளம், எடுத்தார்கள். பார்ப்பதற்கு வெறும் கோடு. ஆனால் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வரப்பார்க்கும் தண்ணீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடங்களில் கம்பி வலை அடித்துவிட்டுப் பூசினார்கள். இரண்டும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிவதால் அங்கேதான் விரிசல் விடுமாம்.

இனி உள்ளே இருந்த கதை. தூசி விஷயத்தில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய பூச்சைக் கொத்தும்போது பறக்கும் தூசியில் மணலின் சிலிக்கா இருக்கிறது. சுவாசிக்கும் அளவுக்கு நுண்ணிய சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்திவிட்டது. பழைய பெயின்டாக இருந்தால் அதில் ஈயமும் இருக்கலாம். குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் வரை பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. அதனால் உலர்ந்த சுவரைத் தேய்ப்பதோ கொத்துவதோ கூடாது, நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். கொத்துபவர்களுக்கு என்95 முகக்கவசம் நாங்களே வாங்கிக் கொடுத்தோம். அவர்கள் நுரையீரலும் நுரையீரல்தானே.

எங்களைக் காப்பாற்றிய ஏற்பாடு இன்னொன்று: ஒரு நேரத்தில் வீட்டின் ஒரு பக்கம் மட்டும். நான்கு பக்கமும் ஒரேயடியாகச் சாரம் கட்டினால் அவர்களுக்கு வேலை சுருக்கமாக முடியும், உண்மைதான். ஆனால் எல்லாச் சன்னலும் தார்ப்பாய்க்குள் போய்விட்டால் உள்ளே இருப்பவர் எப்படி மூச்சுவிடுவது? பின்பக்கம் வேலை நடந்தபோது மாமாவை முன்னறைக்கு மாற்றினோம். முன்பக்கம் வந்தபோது திரும்பக் கொண்டுபோனோம். கட்டிலோடு சேர்த்து அவருடைய ரேடியோவும் அலைந்தது. மேஸ்திரி தினமும் காலையில் சன்னலோரம் வந்து, “ஐயா, இன்னைக்கு இந்தப் பக்கம் கொத்துறோம், சத்தம் வரும்” என்று சொல்லிவிட்டுத்தான் உளியை எடுப்பார். அந்த ஒரு வார்த்தையிலேயே மாமா பாதி சமாதானமாகிவிடுவார்.

பூசி முடித்த பிறகுதான் பொறுமைக்குச் சோதனை. குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். அதன்பின் உலரவிட வேண்டும். புதுப் பூச்சுக்கு 28 நாள் என்பது பொதுவான கணக்கு. பெயின்ட் அடிக்க வந்தவர்களோ மேலே காய்ந்துவிட்டது, ஆரம்பிக்கலாம் என்று அவசரப்பட்டார்கள். புதுச் சிமென்ட்டின் காரத்தன்மை மிகக் கடுமையானது. ஈரமும் அதனோடு சேர்ந்தால் நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும், உப்புப் பூக்கும். நான் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, மறுநாள் எடுத்துப் பார்த்தேன். உட்பக்கம் முத்து முத்தாக நீர். பெயின்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுபேச்சு இல்லாமல் கிளம்பிப் போய், தாள் உலர்ந்து வந்த பிறகு வந்தார்கள்.

*

மேலே அக்கா சொன்னதோடு, இதே வேலையை எங்கள் வீட்டில் பார்த்த என் பங்குக்கும் கொஞ்சம்.

சாரம் என்பது மாடி வரைக்கும் ஏணி. எங்கள் தெருவில் வேலை நடந்த ஒரு வீட்டில் ராத்திரி யாரோ அதில் ஏறி, மாடிக் கதவு வழியாக உள்ளே இறங்கிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டிருந்ததால் எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆட்கள் கிளம்பும் முன் கீழ்த்தட்டுப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிடச் சொல்லியிருந்தோம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது இன்னும் அவசியம். என் பையனுக்கு அதில் ஏறிப்பார்க்க அவ்வளவு ஆசை.

ஏசியின் வெளி யூனிட்டைத் தூசிக்காகப் பாலித்தீனில் சுற்றிக் கட்டுவார்கள். கட்டியிருக்கும்போது ஏசி போடக் கூடாது, வெப்பம் வெளியேற வழியிருக்காது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி சுவிட்ச் மேலேயே சீட்டு ஒட்டிவிடுங்கள். குளியலறைச் சன்னலுக்கு வேலை தொடங்கும் முன்பே உள்ளிருந்து அட்டை அடித்துவிடுங்கள். பெண்கள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லவே கூச்சப்பட்டு, நாள் முழுக்க சங்கடப்படுகிறார்கள்.

*

மேலே எழுதிய இருவருமே சாரம் பிரிக்கும் நாளைப் பற்றிச் சொல்லவில்லையே, அதை நான் சொல்கிறேன். அன்று கட்டாயம் வீட்டில் இருங்கள். சாரத்தின் கட்டைகளைச் சுவரில் சொருகியிருந்த துளைகளை மேலிருந்து கீழாக, பிரிக்கப் பிரிக்க அடைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் தொட்டுக்கொண்டே இறங்க வேண்டும். முழுவதையும் பிரித்துவிட்டால் மேல் துளைக்குக் கை எட்டாது. நீங்கள் இவ்வளவு பாடுபட்டு அடைத்த தண்ணீர் அந்த வழியாக வரும். ஒவ்வொரு தட்டும் இறங்குமுன் அந்தத் தட்டுச் சுவரைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் பெயின்டர் அப்படித்தான் செய்தார். சன்ஷேடுக்கு மேல் அடைக்காமல் விட்ட ஒரு துளை அந்தப் படத்தில்தான் தெரிந்தது. சாரம் நிற்கும்போதே திரும்ப ஏறி அடைத்தார்.