கப்பல் மோதலில் இறந்த மாலுமியின் இழப்பீடு: ஏஜென்ட் நீட்டும் தாளில் கையெழுத்திடலாமா?

கேள்வி (உசிலம்பட்டியிலிருந்து):

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகன், வயது 30, பனாமா கொடியுடைய சரக்குக் கப்பலில் மாலுமியாக வேலை பார்த்தார். நான்கு மாதங்களுக்கு முன் நள்ளிரவில் வேறொரு கப்பல் மோதியதில் அவரும் உடன் பணியாற்றிய இருவரும் கடலில் விழுந்தனர். உடல் கிடைக்கவில்லை. சென்ற வாரம் அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட்டின் ஆள் மதுரைக்கு வந்து, எங்களை ஒரு விடுதிக்கு வரவழைத்து, ஆங்கிலத்தில் அச்சடித்த ஆறு பக்கத் தாளைக் கொடுத்தார். கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறிகூடப் போட்டிருந்தார். இதுவே இறுதித் தீர்வு என்றும், உடனே கையெழுத்திட்டால் பத்து நாளில் பணம் வரும் என்றும் சொன்னார். ஆனால் அந்தத் தொகை வேலை ஒப்பந்தத்தில் எழுதியுள்ளதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. இறந்தவரின் மனைவிக்கு ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. திருமணத்துக்கு முன் எழுதிய ஒப்பந்தம் என்பதால் நியமனதாரராக என் அக்காள் பெயரே உள்ளது. நாங்கள் என்ன செய்வது?

பதில் 1 (திருமங்கலம், ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்):

ஐயா, தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. பனாமாவும் ஏற்ற நாடுதான். 2017 ஜனவரி 18 முதல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தத்தின்படி, மரணத்துக்கான ஒப்பந்தத் தொகையை முழுமையாகவும் தாமதமின்றியும் தர வேண்டும். குறைந்த தொகையை ஏற்கச் சொல்லி நெருக்கக் கூடாது. அந்தத் தொகைக்குரிய காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலிலேயே பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். அதை வழங்கியது பெரும்பாலும் ஒரு பி அண்ட் ஐ கிளப்பாக, அதாவது கப்பல் உரிமையாளர்கள் கூட்டாக நடத்தும் காப்பீட்டுச் சங்கமாக இருக்கும். அதனிடமே குடும்பம் நேரடியாகக் கோரலாம்.

உடன்படிக்கையோடு ஒரு மாதிரி ரசீதும் இணைக்கப்பட்டுள்ளது. பணத்தைப் பெற்ற பிறகும் அலட்சியத்துக்காக வழக்குத் தொடரும் உரிமை குடும்பத்துக்கு நீடிக்கும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. உங்களிடம் நீட்டிய தாளில் அந்த வாசகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருக்காது என்றே நினைக்கிறேன். ஏஜென்ட்டுக்கு மாலுமிகளை வேலைக்கு அனுப்புவதற்கான ஆர்பிஎஸ்எல் உரிமம் உண்டா என்பதையும் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையப் பட்டியலில் சரிபாருங்கள். உரிமம் பெற்றவர் என்றால், மும்பையிலுள்ள அந்த இயக்குநரகத்துக்கு ஒரு புகார் போனாலே பேச்சின் தோரணை மாறிவிடும்.

பதில் 2 (மதுரை, வழக்கறிஞர்):

மேலே சொன்னது ஒப்பந்தத் தொகை மட்டுமே. மோதலில் இரு கப்பல்களுக்கும் தவறு இருந்தால், உயிரிழப்புக்கு இரண்டும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பது 1910ஆம் ஆண்டின் பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கை முதல் நிலைத்துவரும் விதி. ஆகவே மோதிய கப்பலின் உரிமையாளரிடமும் இழப்பீடு கேட்கலாம். அந்த உடன்படிக்கை அதற்கு வைத்த காலவரம்பு இரண்டே ஆண்டுகள். 2017ஆம் ஆண்டின் கடலாண்மை நீதிவரம்புச் சட்டம் உயிரிழப்புக் கோரிக்கைக்காகக் கப்பலைச் சிறைப்பிடிக்க இடம் தருகிறது. அந்தக் கப்பல் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ வந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடலாம். நான்கு மாதம் போய்விட்டது, இனி சுணங்கக் கூடாது.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கை மட்டும் நம்பிவிட வேண்டாம். அதில் மாதச் சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் 15,000 ரூபாயாகவே கொள்ளப்பட்டது. அந்தத் தொகையில் பாதியை 30 வயதுக்குரிய காரணியான 207.98ஆல் பெருக்கினால் வந்தது 15,59,850 ரூபாய்.

பதில் 3 (மேலூர்):

உடல் கிடைக்காததால் ஏழாண்டு காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் மலைக்காதீர்கள். அது ஒருவர் எங்கே போனார் என்றே தெரியாத நிலைக்கான சட்ட அனுமானம். 2018 ஜனவரியில் கிழக்குச் சீனக் கடலில் மோதி எரிந்த சாஞ்சி கப்பலில் 32 பேர் மாண்டனர். கிடைத்தவை மூன்று உடல்களே. இத்தகைய மரணத்தைக் கப்பலின் பதிவேடு, கேப்டனின் அறிக்கை, கொடி நாடான பனாமாவின் விசாரணை அறிக்கை ஆகியவற்றைக் கொண்டு நிறுவலாம். அவற்றின் நகல்களை எழுத்துமூலம் கேளுங்கள். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். நியமனதாரர் பெயரில் பணம் வந்தாலும், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, குழந்தை மூவரும் முதல் வகுப்பு வாரிசுகள். மாமியாரும் மருமகளும் இப்போதே ஒன்றாக உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. ஏஜென்ட்டுகள் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. தாளை மீண்டும் படித்தேன். மாதிரி ரசீதில் உள்ளதாகச் சொன்ன வாசகம் அதில் இல்லை. அதற்கு நேர்மாறாக, வேறு எந்தக் கப்பலின் மீதும் கோரிக்கை எழுப்ப மாட்டோம் என்று நான்காம் பக்கத்தில் இருக்கிறது. இன்று காலை அந்த ஆள் அழைத்தபோது, ஒப்பந்தத் தொகை குறைந்ததற்கான காரணத்தை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொன்னேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டார்.