கமரா இல்லாத கமராக்கள்: திருகோணமலையில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

டச்சுக்குடா வீட்டுக்காரன்:
குடாவைப் பார்த்திருக்கும் எங்கள் முன்னறையையே கமராவாக்கினேன். யன்னல்களைக் கறுப்புப் பொலித்தீனால் அடைத்துப் பெருவிரல் நகமளவு துளை விட்டேன். இருட்டறைக்குள் துளைவழி வரும் வெளிச்சம் வெளிக்காட்சியைத் தலைகீழாக எதிர்ச்சுவரில் விழுத்தும். பிற்பகல் மூன்று மணிக்கு, வெயில் வீட்டுக்குப் பின்னாலிருந்து கடலில் விழுந்தபோது, எதிர்ச்சுவரில் கடல் மேலும் வானம் கீழுமாக வந்தன. வடக்கே போன தோணி சுவரில் தெற்கே ஊர்ந்தது. நங்கூரமிட்டிருந்த ஒரு வள்ளத்தை, இரண்டு நிமிடம் வெளிச்சம் படவிட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். தேநீருடன் வந்த அம்மம்மா சுவரைப் பார்த்தார். "வள்ளம் கவிழ்ந்து கிடக்குது, பார்த்துக்கொண்டு நிக்கிறியே" என்றவர், பொலித்தீனை ஒரே இழுப்பில் கிழித்துவிட்டார். அம்மப்பா கடலுக்குப் போனவர். படத்தில் பாதி வள்ளமும், வெளிச்சத்தில் கரைந்த ஒரு கையும் இருக்கின்றன. அதை இன்னும் எவருக்கும் காட்டவில்லை.

உப்புவெளிப் பேணி:
குளிர்பானப் பேணியில் ஊசித்துளையிட்டு, உள்ளே கறுப்பு வெள்ளைப் படத்தாளைச் சுருட்டி, ஜூன் 21 ஆம் திகதி ஒரு தென்னையில் கிழக்கு நோக்கிக் கட்டினேன். டிசம்பர் வரை சூரியன் நாளுக்கொரு கோடாகத் தன் தடத்தைத் தானே வரைந்துகொள்ளட்டும் என்பது எண்ணம். நாம் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 8.5 பாகை மட்டுமே வடக்கே இருப்பதால் சூரியன் நிமிர்ந்தே எழுகிறது. ஐரோப்பியரின் படங்களில் வில்லாய் வளையும் கோடுகள் இங்கு ஈர்க்குகளை நிரையாக நட்டதுபோல் வரும். ஆனால் கறுப்பு நாடா சுற்றிய பேணியை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை நான் மறந்துவிட்டேன். ஒக்டோபரில் ஒரு காலை, சீருடையினர் இருவர் சனத்தைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். நல்ல வெயிலில் நானே அதைத் திறக்க வேண்டியதாயிற்று. இளையவர் கோடுகளுக்கிடையே வெளிறிய ஓர் இடைவெளியைத் தொட்டு, "இது என்ன நாள்?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். மழை நாட்கள் என்றேன். நாங்கள் மூவரும் பார்த்திருக்கவே தாள் முழுவதும் கருகிப் போயிற்று.

நீலப்படக்காரி:
முதலாமவரிடம் ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் துளை பெரிது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் துளையின் அளவுக்கு ஊதிப்போகும். அறை 4 மீற்றர் ஆழமானால், மூக்குக்கண்ணாடிக் கடையில் 0.25 வலுவுடைய குவிவு வில்லையைக் கேட்டு வாங்கித் துளையில் பொருத்துங்கள். அது சரியாக 4 மீற்றரில் குவிக்கும். 1991 முதல் அறைகளை இவ்வாறு இருட்டாக்கிப் படமெடுத்த ஒளிப்படக் கலைஞர் ஆபெலார்தோ மொரெல்லுக்குத் தொடக்கத்தில் ஒரு படத்துக்கே பல மணி நேரம் பிடித்தது. பின்னாளில் அவர் அரியம் ஒன்றை வைத்துக் காட்சியை நிமிர்த்தியும் எடுத்தார். அதைச் செய்தால் உங்கள் அம்மம்மாவின் குறையும் தீரும். என் கதை சிறியது. 1842 இல் ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்த, வெயில் பட்ட இடம் நீலமாகும் இரும்பு உப்புக் கரைசலை ஒரு வேட்டியில் பூசிக் காயவைத்து, கடற்கரையில் அதன்மேல் மீன்வலையை விரித்தேன். மூன்றாம் நிமிடத்தில் வலைக்காரர் வந்து வலையைத் தூக்கிக்கொண்டு போனார். கழுவியபின் வெளிறிய கண்ணிகளும், அவர் நின்ற இரண்டு பாதங்களும் இருந்தன.

டச்சுக்குடா வீட்டுக்காரன்:
கூர்மை வேண்டுமென்றால் தொலைபேசியிலேயே எடுத்திருப்பேன். நிமிர்ந்த வள்ளத்தைக் காண யன்னலைத் திறந்தாலே போதும். பேணிக்காரரே, கருகிய அந்தத் தாளை எறிந்துவிட்டீர்களா?