இன்டர் 2024–25: ஸ்குடெட்டோ போனது காலண்டராலா, கைவிட்ட முன்னிலையாலா?

நெராசூரி_நாகா:
மே 31 மியூனிக்கில், சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இன்டர் மிலான் பிஎஸ்ஜியிடம் (பாரிஸ் அணி) வாங்கிய 0-5 பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டங்களில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இதற்கு முன் கிடையாது, அது உண்மைதான். ஆனால் உண்மையான இழப்பு லீகில், அதாவது ஸ்குடெட்டோ எனப்படும் இத்தாலிய லீக் பட்டத்தில். நாப்போலி 82 புள்ளி, இன்டர் 81.

என் வாதம் இதுதான்: இந்த சீசன் ஏப்ரல் 20க்கும் 27க்கும் இடையில் செத்தது. 16ஆம் தேதி புதன் சாம்பியன்ஸ் லீகில் பயர்னுடன் 2-2. ஞாயிறு பொலோன்யாவில் 94ஆவது நிமிடம் ஓர்சொலினி கோல், 0-1. புதன் கோப்பா இத்தாலியா (இத்தாலியக் கோப்பை) அரையிறுதி, மிலானிடம் 0-3. அடுத்த ஞாயிறு ரோமாவிடம் 0-1, சூலே. (போப் பிரான்சிஸின் இறுதிச் சடங்குக்காக சனிக்கிழமை ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டதில் அந்த ஆட்டம் ஞாயிறுக்கு நகர்ந்தது. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனா ஆட்டத்துக்கு முன் இருந்த ஓய்வில் ஒரு நாள் அதிலும் போயிற்று.) மூன்று ஆட்டம், ஒரு கோல் கூட இல்லை. பொலோன்யாவில் டிரா ஆகியிருந்தால் இரண்டு அணிக்கும் 82. 2022–23 முதல் முதலிடத்தில் புள்ளி சமமானால் தனி ஆட்டம் வைத்துத்தான் சாம்பியனை முடிவு செய்கிறார்கள். அந்த வாய்ப்பே கிடைக்காமல் போனது.

மூன்று போட்டியிலும் முழு அணியை இறக்க முயன்றதுதான் தப்பு. கோப்பா இத்தாலியாவை கோச் இன்ஸாகி முதலிலேயே விட்டிருக்க வேண்டும்.

எண்கணக்கு_ஏகாம்பரம்:
பழியை ஒரு வாரத்தின் மேல் போடுவது சுலபம். லீகில் இன்டர் 24 வெற்றி, 9 டிரா, 5 தோல்வி. தோல்விகளை விடுங்கள், டிராக்களைப் பாருங்கள்.

ஜெனோவா 2-2: 2-1 முன்னிலை, 95ஆவது நிமிடம் மெஸ்ஸியாஸின் பெனால்டியை இன்டர் கோல்கீப்பர் ஸோம்மர் தடுத்தும், திரும்பி வந்த பந்தை மெஸ்ஸியாஸே கோலாக்கினார். யுவென்டுஸ் 4-4: 4-2 முன்னிலை, யில்டிஸ் இரண்டு. பொலோன்யா 2-2, சான் சிரோவில்: 2-1 முன்னிலை, ஹோல்ம். நாப்போலி 1-1, நேப்பிள்ஸில்: டிமார்க்கோவின் ஃப்ரீ கிக்கில் முன்னிலை, 87இல் பில்லிங். பார்மா 2-2: 2-0 முன்னிலை. லாசியோ 2-2: 2-1 முன்னிலை, 90இல் பெட்ரோவின் பெனால்டி.

ஆறு ஆட்டம், பன்னிரண்டு புள்ளி. எல்லாமே முன்னிலையில் இருந்து கோட்டை விட்டவை. அதில் ஒன்றே ஒன்றைப் பிடித்திருந்தாலும் 83. ஏப்ரல் வாரம் அப்படியே நடந்திருந்தாலும் ஸ்குடெட்டோ இன்டருக்குத்தான்.

வெசுவியோ_மணி:
இன்டர் 79 கோல் அடிச்சுது, நாங்க 59தான். ஆனா நாங்க வாங்கினது 27, நீங்க 35. எங்க கோச் கோண்டேகிட்ட 1-0 கிடைச்சா அது 1-0ஆவே முடியும். உங்ககிட்ட 2-0 கிடைச்சா அது 2-2 ஆகும். இதுக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிய திரி.

நெராசூரி_நாகா:
மணி, உங்கள் அணி அந்த வருஷம் ஐரோப்பாவிலேயே இல்லை. முந்தைய சீசனில் பத்தாவது இடம். மொத்தம் ஆடியது 38 லீக், 3 கோப்பா இத்தாலியா: 41. இன்டர், கிளப் உலகக் கோப்பையைச் சேர்க்காமலே 59. லீக் 38, சாம்பியன்ஸ் லீக் 15, கோப்பா இத்தாலியா 4, ரியாத்தில் இத்தாலிய சூப்பர் கோப்பை 2.

ஏகாம்பரம் சார் சொன்ன ஆறையும் தேதியோடு பாருங்கள். யுவென்டுஸ் 4-4, யங் பாய்ஸ் ஆட்டத்துக்கு நாலு நாள் கழித்து. பொலோன்யா 2-2 ஜனவரி 15இல் நடந்ததே சூப்பர் கோப்பையால் தள்ளிப்போனதால்தான். நாப்போலி 1-1, செவ்வாயன்று லாசியோவுடன் கோப்பா காலிறுதி ஆடிவிட்டு சனிக்கிழமை. பார்மா 2-2, மிலான் அரையிறுதிக்கு மூன்று நாள் கழித்து, பயர்னுக்கு மூன்று நாள் முன். ஜெனோவாவையும் லாசியோவையும் உங்களுக்குத் தருகிறேன், அவை ஓய்வுக்குப் பின் வந்தவை. மீதி நாலும் களைத்த கால்கள்.

எண்கணக்கு_ஏகாம்பரம்:
அப்படியானால் பிப்ரவரிக்குப் பதில் சொல்லுங்கள். சாம்பியன்ஸ் லீக் லீக் சுற்றில் இன்டருக்கு 19 புள்ளி, நாலாவது இடம். எட்டு ஆட்டத்தில் வாங்கியது ஒரே ஒரு கோல், லெவர்குசனில் 90ஆவது நிமிடம் முகியேலே அடித்தது. முதல் எட்டுக்குள் வந்ததால் பிளே ஆஃப் (கடைசி பதினாறுக்கு முந்தைய தகுதிச் சுற்று) இல்லை. மிலான், யுவென்டுஸ், அட்டலாண்டா மூன்றும் அந்த பிளே ஆஃபில்தான் வெளியேறின. ஆக ஜனவரி 29 மொனாக்கோவுக்குப் பிறகு மார்ச் 5 ஃபெயனூர்டு வரை இன்டருக்கு ஐரோப்பிய ஆட்டமே கிடையாது.

அந்த இடைவெளியில் லீகில் என்ன செய்தார்கள்? மிலான் 1-1 (93இல் டி வ்ரை காப்பாற்றினார்), ஃபியோரென்டினா 0-3, மறுபடி ஃபியோரென்டினா 2-1, யுவென்டுஸ் 0-1, ஜெனோவா 1-0, நாப்போலி 1-1. பதினெட்டில் எட்டு புள்ளி. சாம்பியன்ஸ் லீக் இல்லாத ஐந்து வாரத்தில்தான் அணி இவ்வளவு மோசமாக ஆடியது. காலண்டர் வாதம் இங்கே நிற்காது.

நெராசூரி_நாகா:
நிற்கும். களைப்பு என்பது அந்த வாரத்துக் கணக்கு மட்டும் இல்லை, சேர்ந்து வருவது. ஜனவரி 2 முதல் பிப்ரவரி 10 வரை எண்ணுங்கள்: ரியாத்தில் அட்டலாண்டா, மிலான், பிறகு வெனேஸியா, பொலோன்யா, எம்போலி, ஸ்பார்ட்டா பிராகா, லெச்சே, மொனாக்கோ, மிலான், ஃபியோரென்டினா இரண்டு முறை. 40 நாளில் 11 ஆட்டம். அதே நாட்களில் நாப்போலிக்கு ஆறு. ஃபியோரென்டினா 0-3 கூட டிசம்பர் 1இல் ஃபியோரென்டினா ஆட்டக்காரர் போவே மைதானத்தில் மயங்கி விழுந்ததால் நின்றுபோன ஆட்டத்தின் மீதி. நடுவில் வேறு நாளே இல்லாமல் அங்கே சொருகினார்கள்.

வெசுவியோ_மணி:
அந்த ஆறு மேட்ச் ஆடின நாங்களும் பிப்ரவரிலேர்ந்து மார்ச் 1 வரைக்கும் அஞ்சு மேட்ச் ஜெயிக்கல. ரோமா டிரா, உடினேசே டிரா, லாசியோ டிரா, கோமோகிட்ட தோல்வி, உங்களோட டிரா. ஜனவரில க்வாராட்ஸ்கேலியாவ பிஎஸ்ஜிக்கு வித்துட்டோம், அது வேற. அவரே மியூனிக்ல உங்களுக்கு நாலாவது கோல் போட்டாரு. வாரம் பூரா ஓய்வு இருந்தும் தடுமாறத்தான் செஞ்சோம். ஓய்வு மட்டும் புள்ளி வாங்கித் தராது.

மூணு_அஞ்சு_ரெண்டு:
இருவரும் ஒரே விஷயத்தின் இரண்டு முனையைப் பிடித்து இழுக்கிறீர்கள். ஏகாம்பரம் கொடுத்த ஆறு ஆட்டங்களில் சமன் செய்த கோல்களின் நிமிடம் பாருங்கள்: 95, 82, 64, 87, 69, 90. எல்லாமே அறுபதுக்கு மேல். அந்த நேரத்தில் இன்டர் ஆட்டத்தில் என்ன மாறுகிறது?

இன்ஸாகியின் மாற்றங்கள் ஏறக்குறைய மனப்பாடம் செய்யக்கூடியவை. அறுபதை ஒட்டி விங் பேக் (ஓரத்தில் மேலும் கீழும் ஓடுபவர்) ஒருவரோ இருவருமோ வெளியே. மஞ்சள் அட்டை வாங்கியவர் வெளியே. பிறகு முதல் இரண்டு ஸ்ட்ரைக்கர்களில் லௌட்டாரோவோ துராமோ வெளியே, உள்ளே தாரேமி, அர்னாவுட்டோவிச், கொர்ரேயா இவர்களில் ஒருவர். இந்தக் கடைசி மாற்றம்தான் ஆளைக் கொல்வது. துராம் களத்தில் இருந்தால் எதிரணி சென்டர் பேக்குகள் (நடுத் தடுப்பாளர்கள்) பின்னால் ஓடும் இடத்துக்குப் பயந்து பத்து மீட்டர் கீழே நிற்பார்கள். அவர் போனதும் மேலே ஏறி வருவார்கள். இன்டர் பின்னாலிருந்து விடுவிக்கும் பந்து முன்னால் தங்காது, உடனே திரும்பி வரும். மூன்று சென்டர் பேக்குகளும் இரண்டு விங் பேக்குகளும் ஒரே கோட்டில் பெனால்டி பெட்டிக்குள் ஒடுங்கிவிடுவார்கள். அந்த நிலையில் ஒரு கிராஸ், ஒரு இரண்டாம் பந்து, ஒரு கை படுவது போதும். லாசியோவுக்கு எதிரே இன்டர் டிஃபெண்டர் பிஸ்ஸெக் கையில் பட்டது அப்படித்தான், விஏஆர் (வீடியோ மறுபார்வை) பார்த்துப் பெனால்டி கொடுத்தார்கள்.

பயர்னுக்குப் பிறகு துராம் காயம். பொலோன்யா, மிலான், ரோமா மூன்றிலும் அவர் இல்லை. நாகா சொன்ன "ஒரு கோல் கூட இல்லை" அந்த மூன்றுதான். திரும்பி வந்தார், பார்சிலோனாவில் அரை நிமிடத்தில் கோல்.

சீசன் முழுக்க லீகில் துராம் 14, லௌட்டாரோ 12. லௌட்டாரோ சாம்பியன்ஸ் லீகில் 9. மாற்று ஆட்கள் மூவரிடம் நம்பும்படி எதுவும் இல்லை. இப்படி இரண்டே ஸ்ட்ரைக்கர் வைத்துக்கொண்டு நாலு போட்டி ஆட முடியாது.

ரோமானோ_இல்லை:
2009–10இல் இதே இன்டரை வெச்சு கோச் மொரின்யோ 57 மேட்ச் ஆடினார். மூணு கோப்பையும் வந்துச்சு. லீக் ஜெயிச்சது எத்தனை புள்ளியில? 82.

நெராசூரி_நாகா:
அந்த அணியில் ஸ்ட்ரைக்கர்கள் மிலிட்டோவும் எட்டோவும். ஒப்பிடவே கூடாது. 2009 சூப்பர் கோப்பை ஆகஸ்டிலேயே பெய்ஜிங்கில் முடிந்துவிட்டது, ஜனவரி நடுவில் ரியாத் பயணம் கிடையாது.

மூணு_அஞ்சு_ரெண்டு:
இன்னொரு வேறுபாடும் உண்டு. அப்போது மூன்று மாற்றம், இப்போது ஐந்து. ஐந்து மாற்றம் ஆழமான பெஞ்சுக்கு வரம், ஆழமில்லாத பெஞ்சுக்கு அதே ஐந்து மாற்றம் பொறி.

எண்கணக்கு_ஏகாம்பரம்:
சரி, கோப்பா இத்தாலியாவை விட்டிருக்கலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். முந்தைய சீசன் லீகின் முதல் எட்டு அணிகள் நேராகக் கடைசி பதினாறில் நுழைகின்றன. அதுவரை ஒற்றை ஆட்டம், அரையிறுதி மட்டும் இரண்டு ஆட்டம். உடினேசே, லாசியோ, மிலான் இரண்டு. விட்டிருந்தால் அதிகபட்சம் மூன்று ஆட்டம் மிச்சம். 59க்குப் பதில் 56. ரிசர்வ் அணியை இறக்குவது வேறு கதை. வெரோனா 1-0, தொரீனோ 2-0, கோமோ 2-0 எல்லாம் பெரும்பாலும் மாற்று ஆட்களால் ஜெயித்தவைதான், முதல் இரண்டில் அஸ்லானி பெனால்டியும் போட்டார். மே மாதம் முடிந்தது ஏப்ரலில் ஏன் முடியவில்லை? ரோமாவுக்கு எதிராக அந்தத் துணிச்சல் வரவில்லை, அவ்வளவே. இது கோச் முடிவு, காலண்டர் இல்லை.

நெராசூரி_நாகா:
மூன்று ஆட்டம் என்று சாதாரணமாகச் சொல்கிறீர்கள். அதில் இரண்டு ஏப்ரல் 2, ஏப்ரல் 23. முதலாவதுக்கு மூன்றாம் நாள் பார்மாவில் 2-0 கரைந்தது. இரண்டாவதுக்கு நான்காம் நாள் ரோமா. அந்த இரண்டு லீக் ஆட்டத்தில் போனது ஐந்து புள்ளி. வித்தியாசம் ஒரு புள்ளி.

சுங்கச்சாவடி:
பணக் கணக்கையும் வையுங்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ அந்த சீசனில் சாம்பியன்ஸ் லீகுக்குக் கொடுத்தது: பங்கேற்புக்கு 1.862 கோடி யூரோ. லீக் சுற்றில் வெற்றிக்கு 21 லட்சம், டிராவுக்கு 7 லட்சம்: இன்டருக்கு ஆறு வெற்றி, ஒரு டிரா. முதல் எட்டுக்கு 20 லட்சம். பிறகு கடைசி பதினாறு 1.1 கோடி, காலிறுதி 1.25, அரையிறுதி 1.5, இறுதி 1.85. கூட்டினால் சுமார் 9.1 கோடி யூரோ. தரவரிசைப் பங்கும் ஒளிபரப்புப் பங்கும் இதில் சேரவில்லை. எந்த நிர்வாகமும் ஏப்ரலில் கோச்சிடம் "பயர்னை விடு, பொலோன்யாவைப் பார்" என்று சொல்லாது. கோப்பா இத்தாலியா பணம் இதன் பக்கத்தில் சில்லறை. விடுவதானால் அதைத்தான் விட முடியும், அந்த அளவுக்கு நாகா சொல்வது சரி.

வெசுவியோ_மணி:
விட்டுட்டு? அந்தக் கோப்பைய பொலோன்யா தூக்கிட்டுப் போச்சு, 1974க்கு அப்புறம் மொத தடவ. அவங்களுக்கு அது சில்லறை இல்ல.

ரோமானோ_இல்லை:
இறுதி ஆட்டம் பத்தி ஒருத்தரும் பேசல. அதுவும் காலண்டரா?

நெராசூரி_நாகா:
பெரும்பாலும். பிஎஸ்ஜி ஏப்ரல் 5ஆம் தேதியே லீக் 1 ஜெயித்து முடித்தது. அங்கே 18 அணி, 34 ஆட்டம்தான். இன்டர் மே 23 கோமோ வரை ஸ்குடெட்டோவுக்கு ஓடியது.

மூணு_அஞ்சு_ரெண்டு:
பிஎஸ்ஜியும் பிளே ஆஃபில் பிரெஸ்டுடன் இரண்டு ஆட்டம் கூடுதலாக ஆடியது, மே 24 பிரெஞ்சுக் கோப்பை இறுதியும் ஆடியது. எட்டு நாள் ஓய்வு இன்டருக்கு, ஏழு நாள் அவர்களுக்கு. இது சால்ஜாப்பு.

ஆட்டத்தில் நடந்தது வேறு. 12ஆவது நிமிடம் பிஎஸ்ஜியின் விட்டீன்யா பந்தை டூவேக்குக் கொடுக்கும்போது மற்ற இன்டர் டிஃபெண்டர்கள் மேலே ஏறிவிட்டார்கள், டிமார்க்கோ மட்டும் பின்னால் நின்று எல்லாரையும் ஆன்சைடு ஆக்கினார். டூவே தள்ளினார், ஹக்கிமி கோல். முன்னாள் இன்டர் ஆள், கொண்டாடக்கூட இல்லை. 20இல் டூவே அடித்தது அதே டிமார்க்கோ மேல் பட்டுத் திசை மாறியது. அதன்பின் இன்டர் மேலே வந்து அழுத்த வேண்டிய கட்டாயம். அந்த வேலைக்கு 37 வயது அச்செர்பியும் 36 வயது மிக்கிதாரியனும் 19 வயது டூவேயின் பின்னால் ஓட வேண்டும். பார்சிலோனாவுடன் இரண்டு ஆட்டத்தில் 13 கோல் விழுந்ததே அந்த எச்சரிக்கை. 7-6 என்று ஜெயித்ததால் யாரும் கவனிக்கவில்லை. அச்செர்பி 93இல் சமன் செய்யாமல் போயிருந்தால் இதே டிஃபென்ஸைப் பற்றி மூன்று வாரம் முன்பே இந்தத் திரி ஓடியிருக்கும்.

எண்கணக்கு_ஏகாம்பரம்:
2023–24இல் இதே ஆட்கள் லீகில் வாங்கியது 22 கோல், புள்ளி 94. மறு வருஷம் 35 கோல், 81. ஒரு வயது கூடியது, ஆள் மாறவில்லை. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

வெசுவியோ_மணி:
ஏப்ரல் 5ல உங்ககிட்ட 2-2 வாங்கின பார்மாவோட கோச் யாரு? சீவு. மே 18ல எங்களையும் 0-0ல நிறுத்தினாரு. அதே நாள் பெட்ரோ பெனால்டி போடலேன்னா நீங்க 80, நாங்க 79. கடைசி நாள் ரெண்டு பேரும் 2-0. எண்ணிப் பாத்துக்கங்க.

நெராசூரி_நாகா:
எண்ணியாகிவிட்டது, 83-82. இன்ஸாகி ஜூன் 3 கிளம்பினார், அந்த சீவுதான் வந்தார். அர்னாவுட்டோவிச், கொர்ரேயா ஒப்பந்தம் முடிந்து போனார்கள், தாரேமி ஒலிம்பியாகோஸ். பதிலுக்கு பியோ எஸ்பொசிட்டோவும் பார்மாவிலிருந்து போன்னியும். பெஞ்ச் விஷயத்தில் மூணு_அஞ்சு_ரெண்டு சொன்னதை கிளப்பே ஒத்துக்கொண்டது போலத்தான். ஏப்ரல் 23 பற்றி நான் சொன்னதற்கு மட்டும் இங்கே யாரும் இன்னும் பதில் தரவில்லை.