ஹாம் லைசென்ஸ் வாங்கியாச்சு, பேசத்தான் ஆளில்லை – பாலக்கோடு பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

தக்காளித்தோட்டம்_வியூ3:
எல்லோருக்கும் வணக்கம். ஹாம் ரேடியோவுக்கான (பொழுதுபோக்கு வானொலி) ஏஎஸ்ஓசி தேர்வு எழுதி, ஆரம்ப நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ் வாங்கிவிட்டேன், கால்சைன் (அழைப்புக்குறி) வியூ3 என்று தொடங்கும். கையில் ஒரு 5 வாட் சீன ஹேண்டி (கையடக்க செட்). வீடு பாலக்கோட்டுக்கும் இராயக்கோட்டைக்கும் நடுவே ஒரு கிராமம். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று 145 மெகாஹெர்ட்ஸில் சிக்யூ சிக்யூ (யாராவது பேச வாருங்கள்) என்று கத்திப் பார்க்கிறேன், ஈ காக்கை கூடப் பதில் சொல்வதில்லை. ஓசூர் போகும்போது மட்டும் பெங்களூரு ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) நன்றாகக் கேட்கும், ஆனால் அங்கே பேசுகிறவர்கள் எல்லோரும் வருடக்கணக்காகப் பழகியவர்கள் மாதிரி இருக்கிறார்கள், நடுவில் புகக் கூச்சமாக இருக்கிறது. புகுந்தாலும் பெயர், ஊர், ஃபைவ் நைன் (சிக்னல் நன்றாக இருக்கிறது), செவன்டி த்ரீ (வாழ்த்துகள்), அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு போன் போட்டால் ஆச்சு, இதற்குப் போய் பரீட்சை எழுதினாயா என்று வீட்டில் கேட்கிறார்கள். பழுது செட்டிலா, ஆண்டெனாவிலா, இல்லை எனக்குத்தான் பேசத் தெரியவில்லையா? தூரத்து ஊர்களோடு பேச உதவும் புது எச்எஃப் (ஷார்ட்வேவ்) செட் வாங்கும் அளவுக்கு இப்போது பணம் இல்லை.

ஓசூர்_மாடி:
தம்பி, முதலில் செட்டை ஒதுக்கிவிடுவோம். விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும் நேரத்தை ஏதாவது ஒரு ஆப்பில் பார்த்து 437.800 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம் வைத்துக் கேளுங்கள். அதிலுள்ள ரிப்பீட்டர் எப்போதும் ஓடாது, ஓடும் நாளில் தெளிவாகக் கேட்கும். வரும்போது 437.810, தலைக்கு மேல் 437.800, போகும்போது 437.790 என்று இறக்கிக்கொண்டே வரவேண்டும், இல்லையென்றால் டாப்ளர் (நிலையத்தின் வேகத்தால் அலைவரிசை நகர்வது) கெடுத்துவிடும். பத்து நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். அது கேட்டால் ரிசீவர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஆண்டெனா. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பெங்களூரு கூப்பிடு தூரம், அதனால்தான் இங்கே கேட்கிறது. நீங்கள் இருப்பது நாலு பக்கமும் குன்று சூழ்ந்த தாழ்வான இடம். 2 மீட்டர் அலை (உங்கள் 145 மெகாஹெர்ட்ஸ்தான்) பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகும், குன்றைச் சுற்றி வளைந்து வராது. ஹேண்டியோடு வந்த ரப்பர் குச்சியைக் கழற்றிவிட்டு ஒரு கிரவுண்ட் பிளேன் ஆண்டெனா செய்யுங்கள்: நடுவில் 49 செ.மீ. செம்புக் கம்பி, கீழே அதே நீளத்தில் நாலு கம்பி சாய்வாக. ஜிஐ பைப்பில் ஏற்றி வீட்டுக் கூரைக்கு மேல் நிறுத்தினால் ஐந்து வாட் போதும். ரிப்பீட்டருக்கு 600 கிலோஹெர்ட்ஸ் ஷிஃப்ட் (கேட்கும், பேசும் அலைவரிசைகளின் வித்தியாசம்), டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய ஒலி) இரண்டும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். டோன் போடாவிட்டால் நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் ரிப்பீட்டர் திறக்காது.

எஃப்டி8_ரசிகன்:
ஒரு பழைய எச்எஃப் செட் கிடைத்தால் எஃப்டி8 (கம்ப்யூட்டரே சிறு செய்தி அனுப்பி வாங்கும் முறை) போடுங்க ப்ரோ. 7.074, 14.074 மெகாஹெர்ட்ஸ் இரண்டு இடத்திலும் நாள் முழுக்கக் கூட்டம். 15 விநாடிக்கு ஒரு முறை அனுப்பும், கொஞ்சம் பவரிலேயே ஜப்பான், இத்தாலி எல்லாம் வரும். ஆளில்லை என்ற பேச்சே கிடையாது.

மாந்தோப்பு_40மீட்டர்:
எஃப்டி8 நல்ல கருவிதான், நம் சிக்னல் எங்கே போய் விழுகிறது என்று தெரிந்துகொள்ள நானும் ஓட்டுவேன். ஆனால் தம்பி கேட்டது பேச ஆள். எஃப்டி8இல் இரண்டு கம்ப்யூட்டர்கள் வணக்கம் சொல்லிக்கொள்கின்றன, நாம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறோம்.

நான் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன், இந்த ஹாபிக்கு வந்து தலை நரைத்துவிட்டது. தம்பி, சந்தை கூடாத நாளில் சந்தைத் திடலுக்குப் போய் வியாபாரம் இல்லை என்கிற மாதிரி இருக்கிறது உங்கள் கதை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ரேடியோவைப் போட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், மைக் பட்டனைப் பிரஸ் பண்ணத்தான் யாருமில்லை. நேரம் பேசி வைக்காமல் சிக்யூ விட்டால் அப்படித்தான்.

40 மீட்டரில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) காலையில் நெட் (குறித்த நேரத்தில் பலர் கூடிப் பேசுவது) கூடும். விடிந்ததிலிருந்து எட்டு, ஒன்பது மணி வரை 7.200க்குக் கீழே எல்எஸ்பியில் (குரல் அனுப்பும் ஒரு முறை) தேடினால் தமிழ், கன்னடம், மலையாளம், தெலுங்கு எல்லாம் காதில் விழும். வியூ3க்கும் எச்எஃப் உண்டு, எந்த அலைவரிசை, எத்தனை வாட் என்று உங்கள் லைசென்ஸ் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். செட் வாங்குவதற்கு முன்பு கேளுங்கள், அதற்குக் காசு வேண்டாம். இணையத்தில் வெப்எஸ்டிஆர் ரிசீவர்கள் இருக்கின்றன, நம் பக்கம் இருப்பதாகப் பார்த்துப் போனிலேயே கேட்கலாம். கொஞ்ச நாள் கேட்டால் யார் நெட்டை நடத்துகிறார், யார் கிண்டல் செய்கிறவர், யார் ஆண்டெனா பைத்தியம் என்று பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு நுழைந்தால் கூச்சம் பாதியாகிவிடும். இடைவெளி விடும்போது கால்சைனை ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள், நெட்டை நடத்தும் நெட் கன்ட்ரோல் கூப்பிடும் வரை பொறுங்கள்.

இனி அந்த "ஃபைவ் நைன், செவன்டி த்ரீ" விவகாரம். எல்லோரும் செட்டின் பெயர், ஆண்டெனா, பவர் என்று ஒப்பிப்பார்கள். எதிரில் இருப்பவர் அதைக் கேட்டுவிட்டுத் தன்னுடையதை ஒப்பிப்பார். அதோடு சரி. ஒப்பிக்காதீர்கள், கேளுங்கள். "டைபோல் ஆண்டெனா எத்தனை அடி உயரத்தில் கட்டியிருக்கிறீர்கள், எதில் கட்டினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், தென்னைமரம் ஏற ஆள் தேடிய கதையிலிருந்து ஆரம்பிப்பார், நீங்கள் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டார். லாக் புத்தகத்தில் நேரம், அலைவரிசைக்குப் பக்கத்தில் அவர் சொன்ன விஷயம் ஒன்றையும் குறித்து வையுங்கள். பையனுக்குப் பரீட்சை என்றோ, எஸ்டபிள்யூஆர் (செட்டும் ஆண்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு, குறைந்தால் நல்லது) 3க்குக் கீழே இறங்கவில்லை என்றோ சொல்லியிருப்பார். அடுத்த முறை அதை விசாரியுங்கள். என் பழக்கமெல்லாம் அப்படி வளர்ந்ததுதான்.

தக்காளித்தோட்டம்_வியூ3:
அண்ணா, ரொம்ப நன்றி. தெரிந்தவர் ஒருவரிடம் ஷார்ட்வேவ் ரிசீவர் இரவல் வாங்கிக் கேட்டேன். காலையில் பேச்சு கேட்கிறது, தமிழிலும்தான். ஆனால் வெயில் ஏறியதும் ஒரே இரைச்சல், கொர்ர்ர் என்று. இன்னொரு சந்தேகம், தக்காளி விலை பேசலாமா? சிரிக்காதீர்கள், எங்கள் ஊரில் வேறு பேச்சே கிடையாது.

மாந்தோப்பு_40மீட்டர்:
வெயிலோடு வந்து வெயிலோடு போகிற இரைச்சல் என்றால் பக்கத்து வயலில் சோலார் பம்ப் இருக்கிறதா பாருங்கள். அதன் கன்ட்ரோலர்தான் பெரும்பாலும் காரணம், மோட்டாருக்குப் போகும் நீள ஒயரே ஆண்டெனா மாதிரி வேலை செய்யும். உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு ரிசீவரை பேட்டரியில் போட்டுக் கேளுங்கள், இரைச்சல் குறைந்தால் உங்கள் வீட்டு எல்இடி பல்போ இன்வெர்ட்டரோதான். குறையாவிட்டால் ஒயரை அந்த பம்ப் கேபிளுக்குத் தூரமாக, குறுக்காக இழுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள், தண்ணீர் விஷயம். சூரியன் ஏறுவதற்குள் பேசி முடித்துவிடலாம், எப்படியும் நெட் கூடுவது அப்போதுதான்.

40 மீட்டர் அலைவரிசைக்கு டைபோல் மொத்தம் 20 மீட்டர் கம்பி, நடுவில் கோஆக்ஸ் கேபிள். ஆறேழு மீட்டர் உயரத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினால் போதும். தாழ்வாக இருப்பதால் அலை செங்குத்தாக மேலே போய் அயனோஸ்பியரில் (வானின் மேலடுக்கு) பட்டுத் திரும்பும், சேலம், கோவை, சென்னை, பெங்களூரு எல்லாம் பகலில் கைக்கெட்டும். குன்று தடுக்கும் கவலையும் இல்லை.

தருமபுரி_ஒய்எல்:
தக்காளி விலை இன்னது என்று பேச்சுவாக்கில் சொல்வது வேறு, லோடு பேசி முடிப்பது வேறு. இரண்டாவது அமெச்சூர் அலைவரிசையில் கூடாது. வியாபாரம், அரசியல் இரண்டையும் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எனக்கும் ஒரு கட்டத்தில் சலித்துப் போனது. தினமும் சிக்னல் ரிப்போர்ட் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சலிக்காது? மறுபடி இழுத்தது சால்டரிங் அயர்ன்தான். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற எஸ்எஸ்பி (குரலில் பேசும்) செட்டின் வரைபடத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம், அதைப் பார்த்து உலகம் முழுக்கக் கட்டியிருக்கிறார்கள். நானும் கட்டினேன். கட்டும்போது ஒரு சந்தேகம் வரும், அதை நெட்டில் கேட்டால் நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள், அதில் இரண்டு பேர் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள், நாம் வேடிக்கை பார்க்கலாம். புது செட் வாங்கக் காசில்லை என்றீர்களே, இதையும் யோசியுங்கள். அக்டோபரில் சாரணர்களுக்கான ஜோட்டா (சாரணர்கள் ரேடியோவில் கூடும் ஜாம்போரி) வரும். அந்த வாரக் கடைசியில் பள்ளிப் பிள்ளைகளை மைக் முன்னால் உட்கார வைத்தால் அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு நமக்கே பதில் தெரியாது.

எஃப்டி8_ரசிகன்:
அக்கா, பிட்எக்ஸிலும் எஃப்டி8 ஓடும் 😀

தருமபுரி_ஒய்எல்:
ஓடட்டும், நீங்கள் டீ குடியுங்கள்.

தக்காளித்தோட்டம்_வியூ3:
கிரவுண்ட் பிளேன் கட்டி மாடியில் பைப்பில் ஏற்றிவிட்டேன். மாந்தோப்பு அண்ணாவோடு போனில் நேரம் பேசி வைத்து 145இல் நேரடியாகக் கூப்பிட்டேன். ரிப்பீட்டர் இல்லாமலே வந்தார்! கொஞ்சம் இரைச்சல், ஆனால் வார்த்தை புரிந்தது. அவர் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆண்டெனாவை எதில் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன், மாமரத்துக்கு மருந்தடிக்கிற கதை வரைக்கும் போனது, என் ஹேண்டி பேட்டரி தீர்ந்துவிட்டது. தருமபுரி அக்காவுக்கு என் குரல் கேட்கவில்லையாம்.

மாந்தோப்பு_40மீட்டர்:
அவர்களுக்கு என் குரல் கேட்கிறது, நீங்கள் சொல்வதை நடுவிலிருந்து நான் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை ஆறே முக்கால், அதே இடம். கூடுதலாக ஒரு பேட்டரி சார்ஜ் போட்டு வையுங்கள்.

அரூர்_புதுசு:
தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் லைசென்ஸ் வரவில்லை. ஞாயிறன்று சும்மா கேட்கலாமா?

ஓசூர்_மாடி:
ரிசீவரில் தாராளமாகக் கேளுங்கள். அரூரிலிருந்து 145 நேரடியாக வருவது கஷ்டம், நடுவில் மலை இருக்கிறது. அதே நேரம் போனில் வெப்எஸ்டிஆர் போட்டு 40 மீட்டரைக் கேளுங்கள். என்ன கேட்டது, எத்தனை மணிக்குக் கேட்டது என்று இங்கே வந்து எழுதுங்கள்.