முதலாண்டு வளாக விடுதி விண்ணப்பம் 'முழுமையடையவில்லை' என்றே நிற்கிறது: என்ன விடுபட்டிருக்கும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் இரண்டு பருவங்களும் வளாகத்துக்குள்தான் தங்க வேண்டும் என்பது அங்கே கட்டாய விதி. சேர்க்கை உறுதியான வாரத்திலேயே விடுதி விண்ணப்பத்தை நிரப்பி, விண்ணப்பக் கட்டணத்தையும் முன்பணத்தையும் செலுத்தி, தடுப்பூசிச் சான்றிதழையும் பதிவேற்றிவிட்டேன். ஐந்து வாரங்கள் கடந்த பின்னும் என் கணக்கைத் திறந்தால் 'விண்ணப்பம் முழுமையடையவில்லை' என்ற ஒரு வரிதான் நிற்கிறது. எது குறைகிறது என்ற விவரம் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. அறையைத் தேர்வு செய்யும் நாளுக்கு இன்னும் 12 நாள்களே இருக்கின்றன.

இதோடு இரண்டு சந்தேகங்களும் உண்டு. இருவர் பகிரும் விடுதி அறை, நால்வர் பகிரும் சமையலறையுடன் கூடிய குடியிருப்பு என இரண்டு வாய்ப்புகள் தரப்பட்டுள்ளன. மாதக் கணக்கில் பார்த்தால் குடியிருப்புதான் மலிவாகத் தெரிகிறது. இரண்டாவது, என் சித்தி அதே நகரில் வசிக்கிறார். அவர் வீட்டிலேயே தங்கிப் படிக்கலாமே என்று வீட்டில் சொல்கிறார்கள். கட்டாய விதியிலிருந்து அதற்கு விலக்குக் கிடைக்குமா? எனக்கு இப்போது வயது 17. 18 ஆவதற்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன.

பதில் 1: விடுதியில் மாணவ உதவியாளராக இரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர்

உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் விடை இருக்கும் என்று நினைக்கிறேன். விடுதி விண்ணப்பம் என்பது வெறும் விண்ணப்பம் அன்று. அது வாடகை ஒப்பந்தத்துக்கு இணையான ஆவணம். 18 வயது நிரம்பாதவர் தனியாகக் கையெழுத்திடும் ஒப்பந்தத்தை நம்பிப் பெரும்பாலான விடுதி அலுவலகங்கள் அறை ஒதுக்குவதில்லை. பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ உடன் கையெழுத்திட வேண்டும் என்பார்கள். பல இடங்களில் அந்தப் படிவம் உங்கள் கணக்கில் தோன்றாது. சேர்க்கை விண்ணப்பத்தில் பெற்றோருக்கு என்று நீங்கள் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு நேராகப் போய்விடும். அவர் கையெழுத்திடும் வரை உங்கள் பக்கத்தில் இந்த ஒரே வரிதான் நிற்கும். எனவே அப்பா, அம்மா இருவருடைய மின்னஞ்சலிலும், குறிப்பாக ஸ்பேம் பெட்டியில், விண்ணப்பித்த நாளையொட்டி வந்தவற்றை இன்றே தேடிப் பாருங்கள்.

அங்கே இல்லையென்றால் அடுத்த சந்தேகம் தடுப்பூசிச் சான்றிதழ். அதைப் பதிவேற்றுவது வேறு, மாணவர் நல மையம் சரிபார்த்து ஏற்பது வேறு. இளைஞர்கள் நெருக்கமாகச் சேர்ந்து வாழும் இடங்களில் மெனிங்கோகாக்கல் மூளையுறைக் காய்ச்சல் எளிதில் பரவும் என்பதால்தான் விடுதிகள் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைகளுக்கும் சேர்த்துப் போடப்படும் ஊசியை, விடுதியில் தங்கவிருக்கும் முதலாண்டு மாணவர்களுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைக்கிறது; 16 வயதுக்கு முன்பு போட்டுக்கொண்டவர்களுக்கு ஊக்கத் தவணையும் தேவை என்கிறது. உங்கள் சான்றிதழில் ஊசியின் வகையும் போட்ட தேதியும் அங்கே படிக்கக்கூடிய மொழியில் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், புறப்படும் வாரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

பதில் 2: விலக்குக் கேட்டு நிராகரிக்கப்பட்டவர்

சித்தி வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நானும் இதே எண்ணத்தில் மாமா வீட்டு முகவரியைக் கொடுத்து விண்ணப்பித்தேன். இரண்டே வரிகளில் மறுப்பு வந்தது. இத்தகைய விதிகளில் 'குடும்பத்துடன் வசிப்பவர்' என்றால் பெரும்பாலும் பெற்றோர் அல்லது நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் வீட்டில், குறிப்பிட்ட தொலைவுக்குள், நிரந்தரமாக வசிப்பவர் என்றே பொருள். நம் வழக்கத்தில் சித்தியும் தாய்தான். ஆனால் படிவத்தில் அவர் உறவினர் மட்டுமே. திருமணமானவர்கள், குழந்தையை வளர்ப்பவர்கள், விதியில் சொன்ன வயதைக் கடந்தவர்கள், பகுதி நேரமாகப் படிப்பவர்கள், மருத்துவக் காரணம் உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் வழக்கமாக விலக்குத் தருகிறார்கள்.

மருத்துவக் காரணத்தையும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. ஆஸ்துமா இருப்பவருக்கோ சக்கர நாற்காலி பயன்படுத்துபவருக்கோ பெரும்பாலான அலுவலகங்கள் முதலில் தேடித் தருவது விலக்கு அன்று, தேவைக்கேற்ற அறையைத்தான். தரைத்தள அறை, தனிக் குளியலறை, கம்பளம் விரிக்காத தரை என்று கேட்பது நியாயமானது. அதை அறை ஒதுக்கீட்டுக்கு முன்பே, மாற்றுத்திறனாளி மாணவர் சேவைப் பிரிவின் வழியாக, மருத்துவரின் கடிதத்துடன் கேட்க வேண்டும். மிக முக்கியமான ஒன்று: விலக்குக் கேட்டிருக்கிறோமே என்ற நம்பிக்கையில் விடுதி விண்ணப்பத்தை ரத்து செய்துவிடாதீர்கள். மறுப்பு வந்த நாளில் நான் வரிசையின் கடைசியில் நின்றேன்.

கேட்டவர்

பதில் 1 எழுதியவருக்கு மனமார்ந்த நன்றி. பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய, அப்பா இப்போது திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சல் முகவரியைத்தான் சேர்க்கை விண்ணப்பத்தில் கொடுத்திருந்தேன். கடவுச்சொல்லை மீட்டெடுத்துத் திறந்தால், ஸ்பேம் பெட்டியில் ஒப்பந்தம் கையெழுத்துக்காகக் கிடக்கிறது. இரண்டு நினைவூட்டல்களும் வந்திருக்கின்றன. இணைப்பின் காலாவதித் தேதி நேற்றோடு முடிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது? ஐந்து வாரங்களாகக் காத்திருந்த இடம் போய்விடுமா?

பதில் 1

பதற வேண்டாம், காலாவதியான இணைப்பை மறுபடி அனுப்புவது விடுதி அலுவலகத்தின் அன்றாட வேலை. ஆனால் அதை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அறை தேர்வு வரிசை சில இடங்களில் விண்ணப்பித்த தேதியைக் கொண்டும், சில இடங்களில் விண்ணப்பம் முழுமையடைந்த தேதியைக் கொண்டும் அமைகிறது. எனவே கட்டணம் செலுத்திய ரசீதை இணைத்து, மாணவர் எண்ணைக் குறிப்பிட்டு, புதிய மின்னஞ்சல் முகவரியைத் தந்து, 'எனது முதல் விண்ணப்பத் தேதியையே வரிசைக்குக் கணக்கில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்' என்று எழுதிக் கேளுங்கள். தொலைபேசியிலும் பேசலாம், ஆனால் பேசி முடித்த அன்றே, பேசியதை நான்கு வரிகளில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். நான் அலுவலக மேசையில் உட்கார்ந்திருந்த நாள்களில், எழுத்தில் இருந்த கோரிக்கைகளைத்தான் அடுத்த நேரப் பணியாளரிடம் ஒப்படைக்க முடிந்தது.

அடுத்து, அறையா குடியிருப்பா என்ற கேள்வி. இங்கே எல்லோரும் செய்யும் பிழையைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்: மாத வாடகையைப் பார்க்கிறீர்கள், ஒப்பந்தக் காலத்தைப் பார்க்கவில்லை. விடுதி அறைக்கான ஒப்பந்தம் பொதுவாகக் கல்வியாண்டுக்கு, அதாவது ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு. குடியிருப்புகளுக்குப் பல இடங்களில் 12 மாத ஒப்பந்தம். கோடை விடுமுறையில் ஊர் திரும்புவதாக இருந்தால், பூட்டிய அறைக்கு மூன்று மாத வாடகை கொடுப்பீர்கள். உள்வாடகைக்கு விடவும் பெரும்பாலும் அனுமதி கிடையாது. மறுபுறம், சில விடுதிக் கட்டடங்கள் பருவ இடைவேளையில் மூடப்படும். சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். நெடுந்தொலைவிலிருந்து வந்த மாணவருக்கு அது பெரிய துன்பம். அந்த இடைவேளையில் மட்டும் சித்தி வீடு உங்களுக்குக் கைகொடுக்கும். இடைவேளையிலும் திறந்திருக்கும் கட்டடம் எது என்று கேட்டுப் பார்த்துவிட்டுத் தேர்வு செய்யுங்கள்.

விடுதி அறையோடு உணவுத் திட்டமும் கட்டாயமாக வருமா, குடியிருப்பில் மின்சாரமும் இணையமும் வாடகையில் அடங்குமா என்பதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். உதவித்தொகை பெறுபவராக இருந்தால், அதில் தங்குமிடத்துக்கான பகுதி வளாகத்துக்குள் தங்கினால்தான் செல்லுமா என்பதையும் விசாரியுங்கள். இடையில் வெளியேறினால் எவ்வளவு இழப்பு என்ற பிரிவை அப்பா கையெழுத்திடும் முன் அவரோடு உட்கார்ந்து படியுங்கள். படிப்பை விட்டுப் போனால் ஒரு கணக்கு, வேறு வீட்டுக்குப் போனால் வேறு கணக்கு.

பதில் 3: மகளை விடுதியில் சேர்த்த தாய்

அறைத்தோழர் பொருத்தத்துக்கான கேள்விப் பட்டியலை நீங்களே உண்மையாக நிரப்புங்கள். என் மகளுக்காக நான் உட்கார்ந்து 'சீக்கிரம் தூங்குவாள், அமைதியை விரும்புவாள்' என்று எழுதினேன். உண்மையில் அவள் நள்ளிரவு தாண்டி விளக்கைப் போட்டுப் படிப்பவள். அதிகாலையில் எழும் ஒரு பெண்ணோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு பருவம் முழுவதும் இருவருமே வருந்தினார்கள். அது என் தவறு. தெரிந்த நண்பரோடு சேர்ந்து தங்க விரும்பினால் நீங்கள் அவர் பெயரைக் கொடுப்பது மட்டும் போதாது. அவரும் உங்கள் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. சாவி வாங்கிய நாளில் பெட்டியைப் பிரிக்கும் முன் அறையின் நிலைப் படிவத்தை நிரப்புங்கள். என் மகளுடைய மேசையின் கீழ் இழுப்பறை முன்பே உடைந்திருந்தது, மெத்தையின் ஓரத்தில் மைக்கறை இருந்தது. இரண்டையும் தேதியோடு படம் எடுத்துப் படிவத்தில் எழுதியதால்தான் ஆண்டு இறுதியில் முன்பணத்தில் பிடித்தம் செய்யவில்லை.

கேட்டவர்

நேற்று மாலை புதிய இணைப்பு வந்தது. அப்பாவும் நானும் ஒப்பந்தத்தை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்திட்டோம். இன்று காலை என் கணக்கில் 'முழுமையடைந்தது' என்று மாறியிருக்கிறது. முதலில் விண்ணப்பித்த தேதியையே வரிசைக்கு எடுத்துக்கொள்வதாக அலுவலகம் எழுத்தில் தெரிவித்துள்ளது. குடியிருப்புக்கு 12 மாத ஒப்பந்தம்தான் என்று உறுதியானதால், இடைவேளையிலும் திறந்திருக்கும் கட்டடத்தில் இருவர் பகிரும் அறையை முதல் விருப்பமாகக் கொடுத்திருக்கிறேன். கேள்விப் பட்டியலில் இரவு 10 மணிக்குத் தூங்குவேன் என்று எழுதியிருந்ததையும் 1 மணி என்று திருத்திவிட்டேன்.