தார்ச்சாலை வந்தால் வறுமை குறையுமா? வேலை நடக்கும்போது எதைப் பார்க்கணும்?

ஒத்தையடி:
குக்கிராமத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு 2 கி.மீ. மண்பாதை. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் தார் போடப் போகிறார்கள். இதனால் ஊரில் யாருக்கு, எந்த வழியில் பலன்? ஊர்க்காரர்கள் எதையெல்லாம் சரிபார்க்கலாம்?

களத்துமேடு:
எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 2000 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் சாலைகளை வைத்து ஆஷர், நோவோசாட் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போகிறவர்கள் கூடினார்கள். விளைச்சல், வருமானம், சொத்து பெரிதாக மாறவில்லை. அடுகியா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அவர்கள் செய்த இன்னொரு ஆய்வில், நடுநிலைப் பள்ளிச் சேர்க்கை இரண்டு ஆண்டில் 7 சதவீதம் ஏறியிருந்தது. ஆக முதல் பலன் கூலிக்காரருக்கும் படிக்கிற பிள்ளைக்கும்தான். தண்ணீரும் கடனும் கிடைக்காமல் வெறும் ரோட்டால் பயிர் மாறாது.

வாட்டம்:
தாரைக் கையால் சுரண்டி வீடியோ போடுவதை முதலில் விடுங்கள். மேல்பூச்சு 20 மி.மீ.தான், சூடு ஆறுமுன் சுரண்டினால் நல்ல ரோடும் பெயரும். விஷயம் அடியில் இருக்கிறது.

வேலையிடத்தில் தமிழில் தகவல் பலகை வைத்தாகணும். எந்த அடுக்குக்கு எவ்வளவு பொருள் என்று அதில் இருக்கும். ஜல்லி 75 மி.மீ. வீதம் இரண்டு அடுக்கு என்றிருந்தால், தார் ஊற்றுமுன் ஓர் அடிக்கு ஓர் அடி குழி எடுத்துக் காட்டச் சொல்லி ஸ்கேல் வையுங்கள். 75 என்பது ரோலர் ஓடி இறுகிய பின் உள்ள கனம். கொட்டிய உடனே அளந்து ஏமாறாதீர்கள்.

அடுத்து வாட்டம், அதாவது தண்ணீர் வடிய நடுவிலிருந்து ஓரத்துக்கு இருக்கும் சரிவு. 3.75 மீட்டர் ரோட்டில் 3 சதவீத வாட்டத்துக்கு, நடுவைவிட ஓரம் ஐந்தரை செ.மீ. தாழ்ந்திருக்கணும். நடுவில் ஒருவர் நூலைத் தரையோடு பிடிக்க, ரசமட்டம் வைத்து மட்டமாக்கி, ஓரத்தில் நூலுக்கும் தாருக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும்.

ஆனால் ரோட்டைக் கொல்வது பெர்ம்தான், அதாவது தாருக்கு இருபுறமும் உள்ள மண் ஓரம். புல் முளைத்து, மண் ஏறி, தாரைவிட உயர்ந்துவிட்டால் மழைத்தண்ணீர் ஓரத்திலேயே நின்று அடியில் இறங்கும். கரிசல் மண் என்றால் கேட்கவே வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் ஓரம் உடைய ஆரம்பிக்கும்.

ஒத்தையடி:
செங்கல் சூளை டிப்பரும் அதில்தான் போகும். தாங்குமா?

வாட்டம்:
அச்சுச் சுமை, அதாவது வண்டியின் ஓர் அச்சு ரோட்டில் இறக்கும் பாரம், ஒன்றரை மடங்கானால் சேதம் ஏறக்குறைய 5 மடங்கு. அதனால் ரோட்டின் டிசைனுக்காக அதில் போகும் வண்டிகளை எண்ணும்போது சூளை ஓடும் மாதத்தில் எண்ணச் சொல்லுங்கள். சூளை மூடிய நாளில் எண்ணினால் கணக்கே தப்பு. ரோட்டுக்கு அடியில் தண்ணீர் கடக்கும் குழாய்ப் பாலத்துக்கு 1000 மி.மீ. குழாய் கேளுங்கள். 600 போட்டால் தூர்வார ஆள் நுழைய முடியாது. அடைத்துக்கொண்டதும் தண்ணீர் ரோட்டின் மேலே ஏறிப் போகும்.

நடைவண்டி:
ஊர்க்கோடியில் பஸ் திரும்ப இடம் விட்டிருக்கிறதா என்று எஸ்டிமேட்டிலேயே பாருங்கள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. பஸ்ஸே வராத ஊருக்கு அதனால் என்ன லாபம்? கிராம சபையில் சாலைக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்தே தீர்மானம் போடுங்கள்.

போட்டு முடித்த பிறகு 5 ஆண்டுப் பராமரிப்பு அதே ஒப்பந்ததாரர் பொறுப்பு. புரட்டாசியிலேயே குழி, பெர்ம், அடைத்த குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து சாலைப் புகாருக்கான ‘மேரி சடக்’ செயலியில் ஏற்றிவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்தபின் ரோலர் ஓடாது.