சஸ்பென்ஷன் சீட்: ‘குலுக்கணை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். டிராக்டர் ஓட்டுபவருக்குக் குலுக்கம் குறைய, அடியில் சுருள்வில் வைத்துப் பொருத்தும் ‘சஸ்பென்ஷன் சீட்’டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த இரண்டு யோசனைகளுக்கு என் பதிலும், என் யோசனையும் இதோ.

> சஸ்பென்ஷன் என்றால் தொங்குவதுதானே, ‘தொங்கிருக்கை’ என்றே வைத்துவிடலாம்.

ஐயா, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. டிராக்டர் சீட் தொங்கவில்லை, சுருள்வில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தொங்கிருக்கை என்றால் எங்கள் வீட்டில் ஊஞ்சலைத்தான் காட்டுவார்கள்.

> ‘அதிர்வுறிஞ்சி இருக்கை’ எப்படி?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உறிஞ்சி என்றதும் பஞ்சு நினைவுக்கு வருகிறது, மெத்தை தடித்தால் போதும் என்ற எண்ணம் வந்துவிடும். அதுதான் ஆபத்து. மேலும் கீழுமாக நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் ஆட்டம்தான் உடம்பை அதிகம் படுத்தும். வெறும் மெத்தை சீட் ஏறக்குறைய அந்த வேகத்தில் வரும் ஆட்டத்தைக் கூட்டியே விடும். வில் வைத்த சீட்டும் எல்லாவற்றையும் விழுங்கிவிடாது. தன் இயல்பு அதிர்வெண்ணைப்போல் (தானாக ஆடவிட்டால் நொடிக்கு எத்தனை தடவை ஆடுமோ அது) சுமார் 1.4 மடங்குக்கு மேல் வேகமாக வரும் குலுக்கத்தைத்தான் குறைக்கும். குலுக்கத்தின் வேகமும் சீட்டின் இயல்பு அதிர்வெண்ணும் ஒத்துப்போனால் தூக்கித் தூக்கிப் போடும், அதை அடக்கத்தான் டாம்பர் என்ற ஆட்டம் தணிக்கும் கருவி.

நான் இருப்பது தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். என் தம்பி முதல் போக உழவு தொடங்கினால் நாள் முழுக்க டிராக்டரில்தான். பின்னால் மண்ணைக் கிளறிவரும் ரோட்டாவேட்டரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே கழுத்து பிடித்துக்கொள்ளும், ராத்திரி இடுப்புக்கு எண்ணெய் போட அம்மா உட்காருவார். அவன் அதிர்வு என்று ஒருநாளும் சொன்னதில்லை. “குலுக்கம் தாங்கலைக்கா” என்பான். கூட வேலை செய்யும் மலையாளத்துக்காரர்களுக்கும் அது குலுக்கம்தான். நிலநடுக்கத்தையே அவர்கள் பூமிகுலுக்கம் என்கிறார்கள். எல்லையின் இரு பக்கமும் புழங்கும் சொல் கையில் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

அதனால் ‘குலுக்கணை’. நீர் தேக்கும் அணை அல்ல, அரியணை, தலையணை இரண்டிலும் இருக்கிற அதே அணை. அணைத்தல் என்ற பொருளும் ஓரமாக ஒட்டிக்கொள்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

குலுக்குகிற இருக்கை என்று பொருள்படாதா என்று கேட்பீர்கள். கொசுவர்த்தி கொசுவை உண்டாக்கும் என்று யாரும் நினைப்பதில்லையே! இது உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ‘ஐ’ உருபும் ‘தடுக்கும்’ என்ற சொல்லும் மறைந்து நிற்கின்றன: குலுக்கத்தைத் தடுக்கும் அணை.

இன்னொன்றுக்கும் சொல் வேண்டும். ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப வில்லை இறுக்கவும் தளர்த்தவும் இந்த சீட்டில் ஒரு திருகு உண்டு. 90 கிலோ முதலாளிக்கு வைத்ததை மாற்றாமல் 55 கிலோ ஆள் ஏறினால் வில் அமுங்காது, பலகையில் உட்கார்ந்த கதைதான். தம்பியின் வண்டியில் அந்தத் திருகு எதற்கு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, சீட்டிலும் எழுதியிருக்கவில்லை. நான் ‘எடைத்திருகு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட எளிய சொல் இருந்தால் எழுதுங்கள், தம்பியிடம் சொல்லிப் பார்க்கிறேன்.